இறக்கமில்லாத ஊரில் ஒரு கார்



இது கொஞ்சம் நீளமான பதிவு. மாரி தொடங்கிவிட்டது, இப்போது எழுதினால் யாருக்காவது பிரயோசனப்படும் என்று எழுதுகிறேன். கார், வேன் வைத்திருப்பவர்கள் கடைசிப் பகுதியையாவது வாசியுங்கள். இடையில் என்னைப் பற்றிய ஒரு விசயமும் இருக்கிறது. ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது.

இது 2022 டிசம்பரில் நடந்தது. வங்காள விரிகுடாவில் 'மாண்டஸ்' புயல் சுற்றிக்கொண்டிருந்த அந்த நாட்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புயல் நம்மைத் தொடவில்லை. கிழக்குக் கரைக்கு அப்பால் கடலோடு நகர்ந்து போய், 9ஆம் திகதி இரவு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையேறியது. ஆனால் அது கிளப்பிவிட்ட காற்று நம் கரை முழுக்க வீசியது. இந்தியப் பக்கமிருந்து தூசும் புகையும் வந்து வானம் மங்கிக் கிடந்தது. காற்று சுவாசிக்கக் கூடாத அளவில் இருக்கிறது என்று 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை நாடு முழுக்க அரச பாடசாலைகளை மூடினார்கள். அதோடு சேர்ந்து குளிர். வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன.

நம்முடைய குளிரைக் குளிர் என்று சொன்னால் நுவரெலியாக்காரர் சிரிப்பார்கள். டிசம்பரில் நம் ஊர்ப் பக்கம் இரவில் வழக்கமாக 22, 23 பாகை. அதைவிடக் கொஞ்சம் இறங்கினாலே நமக்குப் பல்லடிக்கும். அந்த இரவு மழையும் வாடைக்காற்றும் ஒன்றாக வந்தன. சாரனுக்கு மேல் சாரன் சுற்றிக்கொண்டு படுத்தேன். அப்படியும் கால் விரல்கள் மரத்துப்போயிருந்தன.

என்னை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஓட்டமாவடி. கதிரவெளியில் படிப்பிக்கிறேன். ஏ15 வீதியில் வடக்கே வந்து, பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி, வாகரையும் தாண்டி வர வேண்டும். பெற்றோல் விலை ஏறிய பிறகு தினமும் போய்வரக் கட்டுப்படியாகாமல், கிழமை நாட்களில் பாடசாலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் இன்னொரு ஆசிரியரோடு தங்கியிருக்கிறேன். எனக்கு இந்த ஊருக்கு இடமாற்றம் வந்தபோது வாப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தொண்ணூறுகளில் நம் இரண்டு சமூகங்களுக்கும் இடையில் நடந்ததை நான் இங்கே எழுதத் தேவையில்லை. இரண்டு பக்கமும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். "மகன், பேச்சில கவனமா இரி. யாரோடயும் கூடப் பழகாத, பகைக்கவும் செய்யாத" என்றுதான் வாப்பா அனுப்பினார். நானும் அப்படியே இருந்தேன். படிப்பித்தேன், சிரித்தேன், கதவைச் சாத்திக்கொண்டேன்.

என்னிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருக்கிறது. என் வயதை ஒட்டிய வயது அதற்கும். கார்பரேட்டர், சோக், நாலு கியர். திங்கள் காலை அதில் வருவேன், வெள்ளி பின்னேரம் அதில் ஊருக்குப் போவேன். இடையில் நாலு நாளும் அது வாகை மரத்தின் கீழ் மணலில் நிற்கும். பாடசாலைக்குச் சைக்கிள்.

2022 எப்படிப்பட்ட வருடம் என்று யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. டொலர் 200 ரூபாவிலிருந்து சில கிழமைகளுக்குள் 360ஐத் தொட்டது. ஜூன், ஜூலையில் பெற்றோலே இல்லை. கார் கிட்டத்தட்ட இரண்டு மாதம் அசையவில்லை. அது கச்சான் அடிக்கிற காலம். அனல் காற்றில் போனட்டைத் தொட்டால் கை சுடும். ஓகஸ்டில் கியூஆர் முறை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் கிடைக்கத் தொடங்கியபோது, சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. கராஜுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டேன். அங்கிருந்த பாஸ், "சேர், இந்தப் பட்டரி இனிச் சரிவராது. மாரிக்கு முதல் மாத்துங்க" என்றார். விலை கேட்டேன். என்னுடைய ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி. "பார்ப்பம் பாஸ்" என்று சொல்லிவிட்டு வந்தேன். செப்டெம்பரும் பார்ப்பம், ஒக்டோபரும் பார்ப்பம்.

இனி நான் சொல்லாமல் வைத்திருந்த விசயம்.

ஒக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, நான் தங்கியிருக்கும் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கும் ஐயா ஒருவர் படலையில் வந்து நின்றார். மாடு வளர்ப்பவர், அறுபது தாண்டிய ஆள். அடுத்த நாள் மனைவிக்கு வாழைச்சேனையில் கிளினிக். அவருக்குக் கால் வீங்கியிருக்கிறது, பஸ்ஸில் ஏறி இறங்க ஏலாது. "சேர், நாளைக்கு விடிய ஒருக்காக் கொண்டு விட்டீங்களெண்டா உதவியா இரிக்கும். பெற்றோல் காசு தாறன்" என்றார்.

டாங்கியில் பெற்றோல் இருந்தது. லீவு எடுக்க வேண்டும் என்ற அலுப்பு ஒரு பக்கம். போகிற வழியில் கார் நின்றுவிட்டால் என்ற பயம் ஒரு பக்கம். இன்றைக்கு ஒருவருக்குச் செய்தால் நாளைக்கு ஊரே வரும் என்ற கணக்கும் மனதில் ஓடியது, மறைக்கவில்லை. "ஐயா, பெற்றோல் இல்லையே" என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. "சரி சேர், பரவாயில்ல" என்று போய்விட்டார்.

அடுத்த நாள் பாடசாலை முடிந்து நான் ஊருக்குப் புறப்பட்டேன். வாகரையில் அவர்கள் இருவரும் மருந்துப் பையோடு வெயிலில் நின்றார்கள். திரும்பி வரும் பஸ் அதுவரைக்கும்தான் போலும், அடுத்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெற்றோல் இல்லாத கார் அவர்களைக் கடந்து போனது. அவர் பார்த்தார். நான் கண்ணாடிப் பக்கம் திரும்பி மீசையைத் தடவிக்கொண்டேன். ஒவ்வொரு தொழுகையிலும் நேர்வழியைக் கேட்கிற வாயால் சொன்ன பொய் அது.

இனி டிசம்பர் 8ஆம் திகதி இரவு.

ஒன்றரை மணி இருக்கும். காற்றில் கரண்ட் போய் நெடுநேரம். போனில் சிக்னலும் இல்லை. படலையை யாரோ தட்டுகிற சத்தம். டோர்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் ஆண்டில் படிக்கிற ஒரு பையனின் தாய். தகப்பன் கட்டாரில். அவள் தலையில் ஒரு உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு நனைந்து நின்றாள்.

அவள் கேட்ட முதல் கேள்வி: "சேர், பெற்றோல் கிடக்கா?"

பிறகுதான் சொன்னாள். "புள்ளைக்கு முட்டு கூடிட்டு சேர். மூச்செடுக்க ஏலாமக் கிடக்கான்."

நான் சொன்ன பொய் ஊருக்குள் எவ்வளவு தூரம் போயிருந்தது என்று அந்த முதல் கேள்வியில் விளங்கிவிட்டது. அவள் முதலில் மோட்டார் சைக்கிள் இருக்கும் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே டாங்கி காலி. பிறகு முச்சக்கரவண்டி வீட்டுக்கு. அவர் மூதூருக்குப் போய் வரவில்லை. என்னிடம் கார் இருப்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் என் படலைக்கு மூன்றாவதாகத்தான் வந்தாள். அதில் அரை மணித்தியாலம் போய்விட்டது.

பையனைப் போர்வையில் சுற்றித் தூக்கிவந்து பின் சீற்றில் வைத்தோம். தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளே இழுபட்டது. அவன் அழவில்லை. அழுவதற்குக் கூட அவனுக்கு மூச்சு இல்லை. உதடு நிறம் மாறியிருந்ததா என்று டோர்ச் வெளிச்சத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

சாவியைத் திருப்பினேன். "ர்ர்... ர்..." என்று கிழவன் இருமுகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பவும் திருப்பினேன். சோக்கை முழுக்க இழுத்துக்கொண்டு, எக்சலேட்டரை மிதித்து மிதித்து, விடாமல் பிடித்திருந்தேன். டாஷ்போர்ட் விளக்கு மங்கி மங்கிப் போனது. பெற்றோல் மணம் வந்தது. என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பயத்தில் கை சாவியை விடமாட்டேன் என்கிறது. பின்னால் தாய், "முருகா, முருகா" என்கிறாள். நான் "யா அல்லாஹ்" என்கிறேன். கார் எதுவும் சொல்லவில்லை.

அப்போதுதான் ஒரு குரல். "போதும், விடுங்க சேர். அடிச்சி அடிச்சி உள்ளதையும் சாகடிக்காதீங்க."

அந்த ஐயா. அவரும் அவருடைய மருமக்கள் இருவரும் இடுப்புவரை சேறாக நின்றார்கள். வெட்டைக்குப் போய் கன்றுகளைத் தேடிக் கட்டிவிட்டு வருகிற வழி. இன்னும் எல்லாம் கிடைக்கவில்லை. வழியில் இவளைக் கண்டு, "சேர்ட கார் நிக்குது, அங்க போ" என்று அனுப்பியதே அவர்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"காஞ்ச துணி இரிக்கா?" என்று கேட்டார். என் தொழுகை விரிப்புக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த சாரனை எடுத்துக் கொடுத்தேன். போனட்டைத் திறந்து, நான் குடையும் டோர்ச்சும் பிடிக்க, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளுக்கும் துடைத்தார். உள்ளே பனி பிடித்த கண்ணாடி போல ஈரம். இளவயதில் உழவு மெசினோடு காலம் கழித்தவராம். "சோக்கக் கொஞ்சம் உள்ளுக்கு விடுங்க, பெற்றோல் கூடிட்டு. இனிச் செல்ஃப் அடிக்காதீங்க. தள்ளித்தான் எடுக்கணும்" என்றார்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றது பத்தனையில், ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில். அங்கே விடியற்காலையில் மரக்கறி லொறிகள் புறப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சாரதிகள் இரவில் லொறியை எப்போதும் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். காலையில் குளிரில் எஞ்சின் மறுத்தால், கல்லை எடுத்துவிட்டு உருளவிட்டால் போதும். மலை அவர்களுக்குத் தள்ளிக் கொடுக்கும். கதிரவெளியில் இறக்கத்துக்கு எங்கே போவது? ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வெட்டையும் வயலும். எல்லாம் ஒரே மட்டம். அதுவும் வீட்டிலிருந்து பிரதான வீதி வரைக்கும் மணல் ஒழுங்கை, மழையில் ஊறிக் கிடக்கிறது.

ஐயா, மருமக்கள் இருவர், என்னோடு தங்கியிருக்கும் ஆசிரியர், பிள்ளையின் தாய். ஐந்து பேர் தள்ளினார்கள். நான் உள்ளே இருந்து ஸ்டீரிங் பிடித்தேன். மணலில் சில்லு புதைந்தது. இறங்கித் தென்னோலை வெட்டிப் போட்டு, மறுபடியும் தள்ளி, தார் வீதிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. வீதிக்கு ஏறியதும் ஐயா ஜன்னலில் வந்து சொன்னார்: "சாவியத் திருப்பி வைங்க, அடிக்கவேணாம். ரெண்டாம் கியர். கிளச்ச மிதிச்சிப் பிடிங்க. நான் 'விடு' எண்டதும் டக்கெண்டு விடுங்க."

முதல் தடவை ஒரு குலுக்கல், நின்றுவிட்டது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை அவர் "விடு" என்று கத்தினார். கார் ஒரு முறை விக்கியது, இரண்டு முறை விக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை இப்போதும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

ஐயா முன் சீற்றில் ஏறிக்கொண்டார். வாகரைக்கு அரை மணி நேரம் கூட எடுக்காத பாதை. அன்றைக்கு முடியவில்லை. வீதி முழுக்க மாடுகள். குளிரில் மாடுகள் தாரில்தான் வந்து படுக்கும், அதில் சூடு நிற்கும் என்று. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை, எக்சலேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடும். ஹெட்லைட் மஞ்சளாய் எரிந்தது. ஐயா அடிக்கடி குதித்து இறங்கி முன்னால் ஓடி மாடுகளை எழுப்பிவிட்டு ஓடிவந்து ஏறினார். சில எழும்பின. சில எழும்பவில்லை. ஓரிடத்தில் அவர் ஒரு மாட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, தொடையில் கை வைத்துப் பார்த்துவிட்டு நின்றார். நான் காரை உறுமவைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். அவர் வந்து ஏறினார். "என்ன ஐயா?" என்றேன். "ஒண்டுமில்ல. நிப்பாட்டாதீங்க, போங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் பையனின் மூக்கையும் வாயையும் மூடி மருந்துப் புகை பிடித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று முறை. சுபஹ் நேரம் வரும்போது அவன் தாயின் மடியில் தூங்கிவிட்டான். தோள் ஏறி இறங்குவது குறைந்திருந்தது. காரை அதுவரைக்கும் நிறுத்தவில்லை, வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது. நான் ஆஸ்பத்திரி விறாந்தையில் ஒரு மூலையில் தொழுதேன். ஐயா யாரும் குறுக்கே போகாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

விடிந்து திரும்பி வருகையில் அந்த இடத்தில் ஐயா நிறுத்தச் சொன்னார். அது அவருடைய பசு. தொடையில் அவர் வீட்டுக் குறி. இரவே அவருக்குத் தெரியும். பக்கத்தில் கன்று நின்றது. அது உயிரோடு. கன்றைத் தூக்கி என் காரின் பின் சீற்றில் வைத்தோம்.

நான் அழுதுவிட்டேன். "ஐயா, ஒக்டோபர்ல அண்டைக்கு எனக்கிட்ட பெற்றோல் இருந்த" என்றேன். வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அவர் கன்றைப் பார்த்துக்கொண்டு, "தெரியும் சேர்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பட்டரிய மாத்துங்க. அடுத்த முறை நான் ஊரில இல்லாட்டி ஆரு தள்ளுற?" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை.

பட்டரியை அடுத்த கிழமையே மாற்றினேன். மனைவியின் சீட்டுக் காசு. பட்டரி பூட்டிய அன்று அந்த கராஜ் பாஸிடம் கேட்டேன், "குளிர்தானே பட்டரியக் கெடுத்த?" என்று. அவர் சிரித்தார். "இல்ல சேர். வெயில் கெடுத்திட்டுப் போன. குளிர் வந்து காட்டிக் குடுத்த" என்றார். பிறகு நான் தேடி வாசித்தேன். அவர் சொன்னதுதான் சரி. ஈயப் பட்டரிக்கு உண்மையான எதிரி சூடு. வெப்பம் 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் உள்ள பழைய கணக்கு. ஓடாமல் நிற்கும்போது தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக வடியும். அப்படிக் குறைந்த சார்ஜில் கிடந்தால், உள்ளே உள்ள தகடுகளில் உப்புப் போலப் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. கச்சான் காலத்தில் இதெல்லாம் நமக்குத் தெரியாது, ஏனென்றால் சூட்டில் பலவீனமான பட்டரியும் எப்படியோ காரை எடுத்துவிடும். வாடை வந்ததும் இரண்டு பக்கமும் அடி. பட்டரிக்குள் நடக்கும் இரசாயன மாற்றம் மெதுவாகி அதன் பலம் இறங்குகிறது. எஞ்சின் ஒயில் தடித்து, சுழற்றுவதற்குக் கூடப் பலம் கேட்கிறது. பெற்றோலும் குளிரில் இலேசாக ஆவியாகாது. அதனால்தான் பழைய கார்களில் சோக் வைத்தார்கள். நம் ஊரில் இதற்கெல்லாம் மேலாக ஈரம். பிளக்குக்குப் போக வேண்டிய பொறி ஈரத்தில் வழியிலேயே ஒழுகிவிடும்.

பையனின் மாமா கனடாவில், எட்மண்டனில் இருக்கிறார். சில நாட்கள் கழித்து நன்றி சொல்ல எடுத்தார். பேச்சுவாக்கில் நான் கேட்டேன், "உங்கட ஊரில மைனஸ் 30ல எப்படிக் காரை எடுக்கிற?" அவர் சொன்னார், அங்கே கார்களின் முன்பக்கம் ஒரு வயர் தொங்கும், இரவில் அதைச் சுவரில் உள்ள பிளக்கில் செருகி வைப்பார்கள். அது உள்ளே எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும். மறந்தால் காலையில் வேலை போச்சு. 27 பாகையில் முழுப் பலத்தோடு நிற்கும் பட்டரி, 0 பாகையில் மூன்றில் இரண்டு பங்குதான் கொடுக்கும். மைனஸ் 18இல் கிட்டத்தட்ட 40 வீதம். ஒயில் கானில் 20டபிள்யூ-50, 10டபிள்யூ-30 என்று போட்டிருப்பதில் அந்த 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கிறது என்பதும் எனக்கு அப்போதுதான் தெரியும். அதற்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, அந்த ஒயில் குளிரில் இலகுவாக ஓடும். சைபீரியாவில் யாகுட்ஸ்க் என்ற நகரத்தில் கார்களுக்குக் கம்பளி போர்த்துவார்களாம், சிலர் எஞ்சினை நிறுத்துவதே இல்லையாம்.

"இங்க ஜம்பர் வயர் இல்லாமல் யாரும் வெளிக்கிடமாட்டினம் சேர். ஆரட கார் நிண்டாலும் தெரியாத ஆக்கள் கூட வந்து குடுப்பினம். நாளைக்குத் தங்கட காரும் நிக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும்" என்றார். அந்தக் கடைசி வசனத்தை நான் போனை வைத்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒக்டோபரில் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

இனி, மாரிக்கு முன் செய்ய வேண்டியவை. நான் காசும் கண்ணீரும் கொடுத்துப் படித்தது. நீங்கள் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்.

1. பட்டரிக்கு மூன்று, நான்கு வருடம் தாண்டினால் வருடா வருடம் மாரிக்கு முன் கராஜில் சோதித்துப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற காரில், காலையில் எஞ்சினை எடுக்காமல் அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி. 12 என்றால் ஆபத்து. எஞ்சின் ஓடும்போது சுமார் 14 காட்டாவிட்டால் குறை பட்டரியில் அல்ல, சார்ஜ் கொடுக்கும் அல்டர்னேட்டரில் இருக்கலாம்.

2. டேர்மினல்களில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுடுதண்ணீரும் அப்பச்சோடாவும் போட்டுக் கழுவி, காயவிட்டு, இறுக்கிப் பூட்டி, கிறீஸ் தடவுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், பூட்டும்போது கடைசியாக மைனஸ்.

3. நிற்கிற காரை கிழமைக்கு இரண்டு முறையாவது எடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். இரண்டு நிமிடம் உறுமவைத்து நிறுத்துவது நன்மையைவிடத் தீமை. ஸ்டார்ட் எடுக்கச் செலவான சார்ஜ் கூடத் திரும்பி வராது.

4. காலையில் சாவியைத் திருப்புமுன் ஹெட்லைட், ஃபேன், ரேடியோ எல்லாம் நிறுத்துங்கள். கிளச்சை முழுக்க மிதியுங்கள். செல்ஃப் ஒரு தடவைக்குப் பத்து செக்கனுக்கு மேல் அடிக்காதீர்கள். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். மூன்று முறையில் எடுபடாவிட்டால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். டீசல் வாகனம் என்றால் ஹீட்டர் விளக்கு அணையும் வரை பொறுங்கள்.

5. பழைய பெற்றோல் கார் வைத்திருப்போர், ஒரு காய்ந்த துணியைக் காருக்குள்ளேயே பையில் கட்டி வையுங்கள். மழைக்காலத்தில் பாதிப் பிரச்சினை ஈரம்தான்.

6. ஜம்பர் வயர் கொடுக்கும் முறை: முதலில் செத்த பட்டரியின் பிளஸ், பிறகு நல்ல பட்டரியின் பிளஸ், பிறகு நல்லதின் மைனஸ், கடைசி முனையை நின்றுபோன காரின் எஞ்சின் இரும்பில், பட்டரிக்குத் தூரமாக. கழற்றும்போது தலைகீழாக. பட்டரிக்குப் பக்கத்தில் யாரும் சிகரெட்டோடு நிற்க வேண்டாம்.

7. தள்ளி எடுப்பது கியர் கார்களுக்கு மட்டும். ஓட்டோ கியர் கார்கள் தள்ளி எடுபடாது. அவற்றை வைத்திருப்பவர்கள் ஜம்பர் வயர் கட்டாயம் வைத்திருங்கள்.

8. மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

9. மாரி முடியும் வரை காரை மணலில் உள்ளே நிறுத்தாமல், வீதிக்குக் கிட்ட, வீதியைப் பார்த்தபடி நிறுத்துங்கள். நான் இப்போது அப்படித்தான் நிறுத்துகிறேன்.

பையன் இப்போது நான்காம் ஆண்டு. குளிர் தொடங்கினால் அவனுடைய இன்ஹேலரின் ஒன்று என் மேசை லாச்சிக்குள்ளும் இருக்கும், தாய் தந்து வைத்திருக்கிறாள். ஐயாவின் மனைவிக்கு மாதம் ஒருமுறை கிளினிக். அந்த நாளில் நான் பாடசாலைக்கு அரைநாள் லீவு போடுகிறேன். ஐயா ஒவ்வொரு முறையும் பெற்றோல் காசு நீட்டுவார். முதலில் மறுத்தேன், அவருக்கு முகம் மாறியது. இப்போது வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கன்று வளர்ந்துவிட்டது. நான் சைக்கிளில் போகும்போது குறுக்கே வந்து நிற்கும்.

வாப்பாவிடம் இதை எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த மனிசன ஒரு நாளைக்கு நம்மட வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வா" என்றார். போன நோன்புப் பெருநாளைக்கு ஐயாவும் மனைவியும் வந்தார்கள். காரில்தான்.

கதிரவெளி உறவுகளுக்கு ஒரு விசயம். இந்த மாரியில் இரவில் யாருக்காவது அவசரம் என்றால் முதலில் என் படலைக்கு வாருங்கள், மூன்றாவதாக வேண்டாம். பெற்றோல் கிடக்கிறதா என்று கேட்க வேண்டியதில்லை. இன்ஷா அல்லாஹ், கிடக்கும். எடுபடாவிட்டால் தள்ள ஆட்களைச் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள்.

எல்லோருக்காகவும் துஆ செய்யுங்கள். உங்கள் பட்டரியையும் பாருங்கள்.